கதவு திறந்தும் வெளியே வராதவர்கள்

லிஸ்பனிலிருந்து பேருந்தில் சுமார் ஒன்றரை மணி நேரம் வடக்கே போனால் பெனிஷே. அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மீன்பிடி ஊர். என்னோடு இறங்கிய இளைஞர்களில் பாதிப் பேர் அலைச்சறுக்குப் பலகையோடு கடற்கரைப் பக்கம் நடந்தார்கள். நான் கோட்டைப் பக்கம் நடந்தேன்.

போர்த்துகீசியர் மலாக்காவில் கட்டிய கோட்டையின் வாசலைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தவர்கள் நம்மில் நிறைய பேர். அவர்களுடைய சொந்த ஊர்க் கோட்டை எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை எனக்கு இருந்தது. பெனிஷே கோட்டை பாறைமேல் நிற்கிறது. கீழே அலை ஓயாமல் மோதுகிறது. 1934 முதல் 1974 வரை அரசியல் கைதிகளை இங்கேதான் அடைத்து வைத்தார்கள்.

போர்த்துகலில் 1926-இல் தொடங்கிய சர்வாதிகாரம் 48 ஆண்டுகள் நீடித்தது. நெடுங்காலம் சலாசார், அவருக்குப் பின் கயெட்டானோ. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்க்கட்சிகளுக்குத் தடை, எங்கும் ரகசியப் போலீஸின் காது. எதிர்த்துப் பேசியவர்களுக்குப் பெனிஷே, லிஸ்பன் அருகே கஷியாஸ் போன்ற சிறைகள் காத்திருந்தன.

அந்த ஆட்சி முடிந்த கதையில் வானொலிக்கு ஒரு பங்கு உண்டு. அதனால்தான் வானொலிக்காரியான எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். 1974 ஏப்ரல் 24 இரவு 10.55-க்கு ஒரு நிலையம், அந்த ஆண்டு யூரோவிஷன் போட்டிக்குப் போன காதல் பாடலை ஒலிபரப்பியது. நள்ளிரவு தாண்டி 12.20-க்கு இன்னொரு நிலையத்தில் ஜோசே அஃபோன்சோவின் பாடல். கேட்டவர்களுக்கு அவை வெறும் பாட்டு. ஆப்பிரிக்கக் காலனிப் போர்களால் வெறுத்துப்போயிருந்த இளம் ராணுவ அதிகாரிகளுக்கு அவைதான் சமிக்ஞை. படைகள் தலைநகரை நோக்கிப் புறப்பட்டன.

விடிவதற்குள் புரட்சிப் படையின் அறிவிப்பு வந்தது: மக்கள் அமைதியாக வீட்டிலேயே இருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை! லிஸ்பன் மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து ராணுவ வண்டிகளைச் சூழ்ந்தார்கள். துப்பாக்கி முனைகளில் சிவப்புக் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். ராணுவப் புரட்சியாகத் தொடங்கியது மக்கள் எழுச்சியானது அப்படித்தான். மாலைக்குள் கயெட்டானோ சரணடைந்தார். ஆனால் ரகசியப் போலீஸார் தங்கள் தலைமையகத்திலிருந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் நால்வர் இறந்தார்கள்.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது நானும் மணிக்கு மணி ‘வீட்டிலேயே இருங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள். நேயர்கள் கேட்டு நடந்ததில் எனக்கு நிம்மதி. லிஸ்பன் நேயர்கள் கேட்காமல் போனதில் எனக்கு மகிழ்ச்சி.

மறுநாள் கஷியாஸ் சிறை வாசலில் குடும்பத்தினரும் பொதுமக்களும் திரண்டார்கள். ஸ்பினோலா தலைமையிலான புதிய ராணுவக் குழுவுக்கு ஒரு தயக்கம். கருத்துக்காகச் சிறைப்பட்டவர்களை விடலாம், வன்முறைக் குற்றம் சாட்டப்பட்டவர்களை எப்படி விடுவது? கைதிகள் சொன்ன பதில்: எல்லோரையும் விடுங்கள், இல்லையென்றால் யாரும் வரமாட்டோம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கதவு திறக்கப் போகிறது. வெளியே அம்மா நிற்கிறாள், பிள்ளை நிற்கிறது. உங்கள் பெயர் விடுதலைப் பட்டியலில் இருக்கிறது, பக்கத்து அறைக்காரர் பெயர் இல்லை. ‘நீங்கள் முன்னால் போங்கள்’ என்று அவரே சொன்னாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இருந்தும் அவர்கள் நின்றார்கள். வெளியே இருந்த கூட்டமும் கலையவில்லை. ஏப்ரல் 26 நள்ளிரவை ஒட்டிக் கஷியாஸ் திறந்தது. பெனிஷேயிலும் 27-ஆம் தேதி விடிவதற்குள் கைதிகள் வெளியே வந்துவிட்டார்கள்.

இன்று கோட்டைக்குள் 2,500-க்கும் மேற்பட்ட கைதிகளின் பெயர்களைப் பொறித்த நினைவுச் சுவர் இருக்கிறது. 2016-இல் இந்த இடத்தைத் தனியாரிடம் கொடுத்து விடுதியாக்கும் பட்டியலில் அரசு சேர்த்தது. பழைய கைதிகளும் மற்றவர்களும் எதிர்த்ததால் திட்டம் கைவிடப்பட்டது. விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளான 2024 ஏப்ரல் 27 அன்று தேசிய அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

கைதிகளைக் குடும்பத்தார் சந்தித்த அறையில் நடுவே கண்ணாடித் தடுப்பு. அங்கே ஒரு பாட்டி, பேரனை ஒரு பக்கம் நிற்கவைத்துவிட்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தார். பையன் சிரித்துக்கொண்டே கண்ணாடியில் கையை வைத்தான். அவரும் வைத்தார். அவர் சிரிக்கவில்லை. எனக்குப் போர்த்துகீசிய மொழி தெரியாது. எதுவும் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

லிஸ்பன் போகிறவர்கள் பெனிஷேக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். சுட்ட மத்தி மீன் நன்றாக இருக்கும். ஆனால் சாப்பிடப் போகும் முன் கோட்டையைப் பார்த்துவிடுங்கள்.