சுண்டுவிரல் கற்பித்தது

கிளாரினெட் பழகத் தொடங்கிய நாளில், ஒரு சுரத்திற்கு ஒரே விரலமைப்புத்தான் என எண்ணியிருந்தோம். சி மைனர் பயிற்சியொன்று அவ்வெண்ணத்தைக் குலைத்தது. மூன்றாம் இடைவெளியிலுள்ள ‘சி’யை வலக்கைச் சுண்டுவிரலால் எடுத்தோம், அடுத்து வந்த ‘ஈ பிளாட்’டும் அவ்விரலையே வேண்டி நின்றது. விரலைத் தூக்கி வைப்பதற்குள், எழுதப்படாத ‘டி’ இடையே எட்டிப் பார்த்தது. மேடையிலும் அவ்வாறே, நாணினோம்.

1839க்கும் 1843க்கும் இடையே பிரான்சில் குளோசேயும் புஃபேயும் வகுத்த அமைப்பில் ‘பி’, ‘சி’, ‘சி ஷார்ப்’ மூன்றிற்கும் இரு கைகளிலும் விசையுண்டு. ‘ஈ பிளாட்’டிற்கோ, வழக்கமான கருவியில், வலக்கையில் மட்டுமே. எனவே பின்வருவதைப் பார்த்தே முன்னதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ‘சி’யின் தலைமேல் பென்சிலால் ‘இடம்’ என்று குறித்தோம். பழகிய விரல் எளிதில் விட்டுக்கொடுக்குமா? பல வாரம் அடம்பிடித்தது. அழித்தழித்து எழுதியதில் அத்தாளில் அவ்விடம் மட்டும் இன்றும் கறுத்திருக்கிறது.