ஸ்காட்லாந்தில் ஓர் இமயமலை

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், வட கடலைப் பார்த்தபடி இருக்கிறது செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிற்றூர். கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு அதுதான் காசி. 1457-ம் ஆண்டிலேயே இரண்டாம் ஜேம்ஸ் மன்னர், ஜனங்கள் வில்வித்தை பழகாமல் கோல்ஃப் ஆடிக் காலம் போக்குகிறார்கள் என்று அந்த நாட்டில் ஆட்டத்துக்குத் தடை போட்டுப் பார்த்தார். தடை என்ன ஆயிற்று என்பதை இந்த ஊரில் போய் இறங்கியதுமே தெரிந்துகொள்ளலாம். எதிரே வருகிற இரண்டு பேரில் ஒருவர் தோளில் மட்டைப் பை தொங்கும்!

நம் வீடுகளிலும் இப்போது கணவனும் மனைவியுமாக கோல்ஃப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு மாதம் பயிற்சி மைதானத்தில் பந்தைத் தட்டியதும், இந்த வருஷ விடுமுறைக்கு செயின்ட் ஆண்ட்ரூஸே போய் வந்தால் என்ன என்று ஆசை பிறக்கிறது. தாராளமாகப் போகலாம். ஆனால் போன மறுநாளே 'ஓல்டு கோர்ஸ்' என்ற பேர்பெற்ற மைதானத்தில் இறங்கிவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

அது பொது மைதானம்தான். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் உங்கள் ஆட்டத் திறமைக்கு அத்தாட்சியாக 'ஹாண்டிகாப்' கணக்கைக் காட்ட வேண்டும். பெரும்பாலோருக்கு இரண்டு நாள் முன்னதாகச் சீட்டுக் குலுக்கித்தான் இடம் கிடைக்கும். கட்டணமோ மயக்கம் வரவழைக்கும். இத்தனையும் தாண்டி உள்ளே போனால் 112 மணல் பள்ளங்கள் காத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் 'நரகம்'. முதல் பந்தை அடிக்கும்போது வேலிக்கு அப்பால் ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கும். புதிதாகக் கற்றவருக்குக் கை நடுங்காதா? முதல் பயணத்திலேயே மனம் வெறுத்து, மட்டைகளைப் பரண்மேல் போட்டுவிட இந்த ஒரு காலைப் பொழுது போதும்.

ஆகவே ஓல்டு கோர்ஸை ஞாயிற்றுக்கிழமையில் பாருங்கள். பெரிய பந்தயங்கள் நடக்கும் சமயம் தவிர, அன்று அங்கே ஆட்டம் கிடையாது. ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் புல்தரையில் உலாவுவார்கள். நீங்களும் காலணாச் செலவில்லாமல் நடந்து, ஸ்வில்கன் ஓடைமேல் உள்ள சிறு கல்பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். உலகத்துச் சாம்பியன்கள் பலரும் கடந்துபோன பாலம் அது.

சரி, ஆடுவது எங்கே? ஓல்டு கோர்ஸை ஒட்டினாற்போல் ஒரு பசும்புல் வெளி மேடும் பள்ளமுமாகப் புரண்டு கிடக்கிறது. அதற்கு 'இமாலயாஸ்' என்று பெயர். நம் இமயமலையேதான், உயரம் என்னவோ ஆள் மட்டம்! இங்கே ஒரே ஒரு மட்டை போதும். 'பட்டர்' என்பார்கள். ரொட்டியில் தடவுவதும் அல்ல, கோயிலில் அர்ச்சனை செய்பவரும் அல்ல; பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் தள்ளுகிற மட்டை. சில பவுண்டு கொடுத்தால் மட்டையும் பந்தும் அவர்களே தருவார்கள். பாட்டியும் பேரனும் சேர்ந்து பதினெட்டுக் குழிகளையும் சுற்றி வரலாம். புடவையோடேகூட ஆடலாம், குதிகால் உயர்ந்த செருப்புத்தான் ஆகாது. கடற்காற்று புடவையைச் சும்மா விட்டுவைக்குமா என்பது வேறு விஷயம்.

இந்த இடத்துக்கு ஒரு கதை உண்டு. பெண்கள் தோளுக்கு மேலே மட்டையை ஓங்குவது அடக்கமல்ல என்று கருதப்பட்ட காலம் அது. பந்தை உருட்டி ஆடலாமே என்று பார்த்தால், பை சுமக்கும் ஆட்களின் சிறு மைதானத்தில்தான் இடம் கிடைத்தது. அங்கே அவர்களுடைய வாய்த்துடுக்கைச் சகிக்க வேண்டியிருந்தது. எனவே 1867-ல் பெண்கள் தங்களுக்கென்று ஒரு கிளப் அமைத்துக்கொண்டார்கள். இந்த மேடு பள்ளத்தை அவர்களுக்கு அமைத்துத் தந்தவர் ஓல்டு டாம் மாரிஸ். அதே வருஷம், தம் 46-வது வயதில், நாலாவது முறையாக ஓப்பன் பந்தயத்தை ஜெயித்த மகா ஆட்டக்காரர் அவர். பெண்கள் கிளப் இன்றும் இருக்கிறது. அங்கத்தினர்கள் ஆடும் நேரம் போக மீதி நேரத்தில் நம்மை அனுமதிக்கிறார்கள்.

கூப்பிடு தூரத்தில், ஓல்டு கோர்ஸில் முதல் பந்தை அடிக்கும் இடத்துக்குப் பின்னால், 1754-ல் தோன்றிய ஆண்கள் கிளப்பின் கம்பீரமான கட்டடம் நிற்கிறது. ஓல்டு கோர்ஸில் பெண்களின் பிரிட்டிஷ் ஓப்பன் முதன்முதலாக 2007-ல் நடந்து, மெக்ஸிகோவின் லொரேனா ஓச்சோவா கோப்பையை வென்றார். அந்தக் கிளப்போ, பெண்களை அங்கத்தினராக்க 2014-ல்தான் வாக்களித்தது. 260 வருஷம் யோசித்திருக்கிறார்கள்!

இமாலயாஸில் கை பழகியபின் 'பால்கோவ்' மைதானத்துக்குப் போங்கள். ஒன்பதே குழிகள். குழந்தைகளுக்கும் புதியவர்களுக்கும் என்றே ஏற்பட்டது. ஹாண்டிகாப் கேட்க மாட்டார்கள். மட்டைகளை வாடகைக்கு எடுக்கலாம். விதி அனுமதிக்கும் 14 மட்டைகளும் வேண்டாம், ஆறு ஏழு போதும். முடிந்தால் முதல் நாள் ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் பாடம் கேட்டுவிடுவது உத்தமம். வெட்டவெளிக் கடற்கரைக் காற்றில், சென்னையில் நேராகப் போன பந்து அங்கே அண்டை வீட்டுக்குப் போகும். பின்னால் வருகிறவர்கள் விரைவாக ஆடினால் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். அதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், நன்றிதான் சொல்வார்கள்.

எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் வரை ரயிலில் சுமார் ஒரு மணி. அங்கிருந்து பஸ். ஊருக்குள்ளேயே இருந்த ரயில் நிலையத்தை 1969-ல் மூடிவிட்டார்கள். ஜூன் மாதம் நல்லது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் ஜூனிலும் அவசியம். பந்துகளை மட்டும் கணக்குப் பார்க்காமல் எடுத்துப் போங்கள். அங்கே மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர்களுக்கு அகோரப் பசி.