அப்பாவுக்கு ஒரு சி.எல்.!

தஞ்சாவூர்க்காரனுக்கு மலை என்றால் என்னவென்றே தெரியாது சார். எங்கள் ஊரில் உயரமான வஸ்து ஒன்றே ஒன்றுதான். பெரிய கோயில் விமானம். சுமார் 216 அடி! அதுவும் ஆண்டவன் போட்டதில்லை, ராஜராஜ சோழன் கல் கல்லாக அடுக்கி 1010-ல் கட்டி முடித்தது. ‘தட்சிண மேரு’ என்று மலைப் பெயர் வேறு. மலையில்லாத சீமையில் மலைக்கு ஆசைப்பட்டு, மன்னரே ஒன்று கட்டிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

மற்றபடி எந்தத் திசையில் பார்த்தாலும் வயல், வாய்க்கால், தென்னை. மறுபடியும் வயல், வாய்க்கால், தென்னை. சைக்கிளில் மூச்சு வாங்க வேண்டுமென்றால் ரயில்வே மேம்பாலத்துக்குத்தான் போகவேண்டும்.

அதனால்தான், டீக்கடை பெஞ்சில் யாராவது “கொடைக்கானல் போவமா?” என்று வாயெடுத்தால் போதும்... எங்கள் செட்டில் ஐந்து பேருக்கும் அந்த நிமிஷமே குளிர ஆரம்பித்துவிடும். ஒருத்தன் மப்ளர் என்ன விலை என்று விசாரிப்பான்.

பிளான் போடுகிற பொறுப்பு எப்போதும் என் தலையில்தான். காரணம், அடியேன் பி.காம். பாதி நேரம் பத்திரிகைக்கு எழுதுகிறேன். மீதி நேரம் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். (இரண்டுக்குமே கொஞ்சம் கற்பனை வேண்டியிருக்கிறது என்பது உபதகவல்!)

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பித்தேன். தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், வத்தலகுண்டு, கொடைக்கானல். போக சுமார் 250 கிலோமீட்டர், வர 250. ரயிலில் போகலாம் என்றான் ஒருத்தன். “ஸ்டேஷன் பேரே கொடைரோடுடா!” என்று ஆதாரம் வேறு காட்டினான். ரோடு மட்டும்தான் அங்கே இருக்கிறது. ஊருக்கு அங்கிருந்து இன்னும் 80 கிலோமீட்டர் ஏறவேண்டும்!

தங்கினால் ரூம் வாடகை, ராத்திரி சாப்பாடு, அப்புறம் மறுநாள் லீவு. ஆகவே ஒருநாள் டிரிப். ராத்திரி 12 மணிக்குக் கிளம்பி, விடிகாலை ஏரிக்கரையில் இறங்கி, சாயங்காலம் கிளம்பி, படுக்க வீட்டுக்கு வந்துவிடுவது. பார்க்கவேண்டிய இடங்கள் என்று பத்துப் பதினோரு அயிட்டம். கோக்கர்ஸ் வாக், பிரையன்ட் பூங்கா, தூண் பாறை, 1899-ல் ஆரம்பித்த சூரிய ஆராய்ச்சி நிலையம், ‘குணா’ படத்தால் பெயர் வாங்கி, ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்த பிறகு மறுபடி கூட்டம் சேர்ந்த குகை... ஒவ்வொன்றுக்கும் 35 நிமிஷம். நடுவில் ‘இயற்கையை ரசித்தல் - 10 நிமிஷம்’ என்றுகூட ஒதுக்கியிருந்தேன். பட்ஜெட் அப்படி டாலி ஆயிற்று!

ஆள்தான் டாலி ஆகவில்லை.

முதல் ஆளுக்கு மாதக் கடைசியில் ஆபீஸில் டார்கெட். இரண்டாமவனுக்கு மச்சினிக்கு நிச்சயதார்த்தம். மூன்றாமவன், “வொய்ஃப்கிட்ட கேட்டுச் சொல்றேன்டா” என்றான். அதற்குப் பிறகு அவன் எதுவுமே சொல்லவில்லை. நாலாமவன் யோக்கியன். “இந்த வருஷம் வேண்டாம்டா, அடுத்த வருஷம் பாப்போம்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். இப்படியே இது ஆறாவது வருஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்குப் போனபோது பையில் நோட்டும் கூட வந்துவிட்டது. வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நோட்டைத் திண்ணையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்திரம் படிக்கிற மாதிரி அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்!

“ஏன் தம்பி, ஏரியச் சுத்தி வர அஞ்சு கிலோமீட்டர்னு போட்டிருக்கியே... அந்த ஏரிக்குத் தண்ணி எங்கேருந்து வருது?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷமாகப் பிளான் போடுகிறோம், ஐந்து பேரில் ஒருத்தனுக்கும் தோன்றாத கேள்வி!

“நீங்க கொடைக்கானல் போயிருக்கீங்களாப்பா?”

“போறதா இருந்துச்சு. 1978-ல. எங்க செட்டு எட்டு பேரு கெளம்புனோம். தாளடிப் பயிரு நிக்கிது. அன்னிக்கி ராத்திரின்னு பார்த்து நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி மொற வந்துட்டுது. வுட்டா இன்னும் எட்டு நாளைக்குக் கெடையாது. பயலுவ போயிட்டு வந்து ஒரு மாசம் அதையே பேசுனானுவ.” நோட்டை மூடிக் கையில் கொடுத்தார். “அடுத்த வருஷம் போயிக்கலாம்னு இருந்துட்டேன்.”

அப்பாவுக்கு இப்போது 71. முழங்கால் வலி வந்து மூன்று வருஷமாயிற்று. ‘அடுத்த வருஷம்’ என்று சொன்ன அந்த நாலாமவனைத் திட்டிக்கொண்டிருந்தேனே... எத்தனை தடவை ஊருக்கு வந்திருக்கிறேன்! ஒரு தடவையாவது இந்த மனுஷனை “வர்றீங்களா?” என்று கேட்டேனா? கணக்கு எழுதுகிறவன் நான். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பேரேட்டில் தூங்குகிற ஒரு பாக்கி என் கண்ணில் படவேயில்லை.

நோட்டில் நாலு பேர் பெயரையும் அடித்தேன். அப்பா, அம்மா என்று எழுதினேன்.

இனிமேல்தான் நிஜமான பிளானிங் ஆரம்பம்! ஆபீஸ்காரனுக்கு சி.எல். உண்டு, இ.எல். உண்டு, தேவைப்பட்டால் பாட்டியைச் சாகடித்து ஒரு நாள் வாங்கலாம். விவசாயிக்கு லீவு யார் சாங்ஷன் பண்ணுவது? மேட்டூர் அணைதான்! 1934-ல் கட்டி முடித்த அந்த அணையில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் குறுவை. பிறகு சம்பா, தாளடி. தையில் அறுவடை, அந்த ஈரத்திலேயே உளுந்து. மேனேஜர் மாதிரி மேட்டூருக்கும் மூட் உண்டு. 2022-ல் மே 24-லேயே கதவைத் திறந்துவிட்டது. 2024-ல் ஜூலை கடைசி வரைக்கும் திறக்கவில்லை. ஆக, உளுந்து பிடுங்கி முடிந்து, அடுத்த நாற்றங்காலைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிக்கிறதற்குள் ஒரு சந்து கிடைக்கும். சித்திரையில்.

அடுத்த பிரச்னை பசுமாடு. அப்பாவைத் தவிர வேறு யார் மடியில் கை வைத்தாலும் உதைக்கும். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு மட்டும் விலக்கு. பெரியம்மா சம்மதித்தார், ஒரே ஒரு நாளைக்கு! நண்பர்களோடு போட்டபோது பணத்துக்காக ஒருநாள் டிரிப். இப்போது மாட்டுக்காக.

வாடகைக் கார் பேசினேன். சொந்தக் காரோ வாடகைக் காரோ, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. (அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.) 2025 கோடைக்கு, வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று வரம்பே கட்டினார்கள். மலை தாங்கவேண்டுமே! அதனால் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து செல்போனில் விண்ணப்பித்தேன். வரும் தேதி, போகும் தேதி இரண்டுக்கும் ஒரே தேதி.

கிளம்பிவிட்டோம் சார்! அம்மா ஒரு தூக்கு புளியோதரை, தயிர்சாதம், மடியில் நாலு எலுமிச்சம்பழம். “வளைவு வந்தா எனக்கு வயத்தப் பொரட்டும்” என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வத்தலகுண்டு தாண்டி, காட்ரோட்டில் மலை ஏற ஆரம்பித்தது வண்டி. மூன்றாவது வளைவில், “நிறுத்துப்பா... நிறுத்துப்பா...” என்று ஒரு குரல்.

என் குரல்தான்! அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

டம் டம் பாறையில் நிறுத்தியபோது விடிந்திருந்தது. எதிர்மலையில் எலிவால் அருவி. தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி, 975 அடி. சித்திரை வெயிலுக்கு நூல் மாதிரிதான் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். “இம்மாம் ஒசரத்துலேருந்து வுழுவுதே... கீழ வாய்க்கா இருக்கா?” என்றார்.

ஏழரை மணிக்கு ஏரி. பனி மூட்டத்துக்குள்ளிருந்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று படகுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கரையெல்லாம் ஸ்வெட்டர் கடை. பூ, கேரட், பஞ்சுமிட்டாய், குதிரை... கலர் டிவி ஆன் பண்ணின மாதிரி இருந்தது. அம்மா “அடேயப்பா!” என்று வாயில் கைவைத்தார். அப்பா மட்டும் எதையோ தேடினார்.

“என்னப்பா?”

“மதகு எங்க?”

படித்து வைத்திருந்ததை எடுத்து விட்டேன். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்ச் துரை ஓடைகளை மறித்துக் கரை கட்டின ஏரி இது. நட்சத்திர வடிவம். சுமார் 60 ஏக்கர்.

“அறுவது ஏக்கர்னா ஒம்பது வேலி” என்றார் உடனே. “ஆயக்கட்டு எவ்வளவு?”

“ஆயக்கட்டெல்லாம் இல்லப்பா. படகு விடறதுக்காகக் கட்டினது.”

ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, ரகசியம் மாதிரி சொன்னார். “கேட்டியா? படகு வுடறதுக்கு ஒரு ஏரியாம்!”

படகிலும் ஏறினோம். அம்மா பிடிவாதம். நடு ஏரியில் அப்பா தண்ணீரில் கையை விட்டார். எடுக்கவேயில்லை. படகுக்காரர், “பெரியவரே, வெறைச்சிடும்” என்றார். “எங்க ஊரு தண்ணிக்கு இந்தக் குளுரு தெரியாது தம்பி” என்றார் அப்பா. அந்தக் கையோடு சிரித்த முகத்தை நான் போட்டோ எடுக்கவில்லை. துடுப்பு என் கையில் இருந்தது.

பத்தரை மணி. நோட்டுப்படி அதற்குள் நாலு அயிட்டம் முடிந்திருக்க வேண்டும். தூண் பாறை, குகை, சூரிய நிலையம் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு மட்டும் போனோம். 1936-ல் கட்டின முருகன் கோயில். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சியின் பெயர். கடைசியாக 2018-ல் பூத்தது, அடுத்தது 2030.

“நம்ம கும்பகோணம் மகாமகம் மாதிரி” என்றார் அம்மா. அதுவும் 2016-க்குப் பிறகு 2028-ல்தான்.

கோயிலின் பின்னால் நின்றால் கீழே தூரத்தில் பழனி. மூட்டம் கலைந்து தெரிந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா மலைச் சரிவைக் காட்டி, “இந்தப் பக்கம் வுழுவுற மழையெல்லாம் எங்க போவும்?” என்றார்.

இதற்கும் படித்துத்தான் வைத்திருந்தேன். வடக்குச் சரிவில் இறங்குகிற ஓடைகள் சேர்ந்து பழனிப் பக்கம் சண்முகாநதி. அது போய் அமராவதியில் விழுகிறது. அமராவதி கரூருக்குப் பக்கத்தில்...

“காவேரியில கலக்குது” என்று அவரே முடித்தார். “அப்ப கல்லணைக்கு வரும்...”

“வரும்ப்பா.”

“வெண்ணாத்துக்கும் கொஞ்சம் வந்திருக்கும்.”

“வந்திருக்கும்ப்பா.”

துண்டைத் தோளிலிருந்து எடுத்து, அந்தச் சரிவைப் பார்த்துக் கும்பிட்டார். சாமி கும்பிடவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ‘இயற்கையை ரசித்தல் - 10 நிமிஷம்’ என்று எழுதியிருந்தேன் அல்லவா? முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு இறங்கினோம். நடுவில் கொஞ்சம் டிராஃபிக். வீட்டுக்கு வரும்போது ராத்திரி பத்து. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கொட்டிலுக்குப் போனார் அப்பா.

“2030-ல குறிஞ்சி பூக்கிறப்ப மறுபடி போலாம்ப்பா” என்றேன் இருட்டில்.

மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். “போலாம்... அன்னிக்கி தண்ணி மொற வராம இருந்தா.”

மறுநாள் டீக்கடையில் நாலு பேரும் கேட்டார்கள், “என்னடா, அடுத்த வருஷம் பிளான் போட்டுடலாமா?” என்று. பி.காம்.மில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. திரும்பி வராது என்று தெரிந்த பாக்கியை வாராக் கடன் என்று எழுதிவிட வேண்டும், சொத்துக் கணக்கில் காட்டக்கூடாது. ‘அடுத்த வருஷம்’ என்று வீட்டில் யாருக்காவது நீங்கள் சொல்லி வைத்திருந்தால், கணக்கைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள் சார். சி.எல். எத்தனை பாக்கி?