லோக்கல் கால்தானே சார்?

ஆபீஸ் டெலிபோனைப் பற்றி எழுத அப்படி என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். இருக்கிறது. கம்பியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நான் வெறும் பி.காம். ஆனால் 2005-ல் தாதரில் இருக்கும் எங்கள் வங்கி அலுவலகத்து போன்களை சிங்கப்பூர் கிளையோடு இணைத்தபோது, அந்த பில்களைச் சரிபார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரியாமல் கையெழுத்துப் போட முடியுமா? அப்படிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இது.

ஒவ்வொரு அலுவலகத்திலும் இ.பி.ஏ.பி.எக்ஸ். என்று ஒரு பெட்டி இருக்கும். உள்ளே ஒரு எக்ஸ்டென்ஷனிலிருந்து இன்னொன்றுக்குப் பேச வைப்பதும், 9 அழுத்தினால் வெளி லைன் கொடுப்பதும் அதுதான். இரண்டு நாட்டுப் பெட்டிகளை வாடகை லைனில் கோர்த்துவிட்டால் இரண்டும் ஒரே ஆபீஸ் மாதிரி. சாதாரணமாக ஒரு பேச்சுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் வேண்டும், சுருக்கினால் 8 போதும் (மேலே கொஞ்சம் உறைச்செலவு, கூரியர் கவர் மாதிரி). ஆக ஒரு ஆள் பேசுகிற இடத்தில் இரண்டு மூன்று பேர் பேசலாம். கிளைக்கு ஒரு குறியீடு, பிறகு நாலு இலக்கம், அவ்வளவுதான். சிங்கப்பூரில் இருப்பவர் "சொல்லுங்க சார்" என்பார். மாத வாடகை மட்டும்தான், நிமிடக் கணக்கு கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டு அழைப்புகள் வந்து போகிற வி.எஸ்.என்.எல். கட்டடம் ஒன்று பிரபாதேவியில், எங்கள் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம். 2002 வரைக்கும் வெளிநாட்டு அழைப்பு முழுக்க அவர்கள் கையில்தான் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் கிளையில் நம்ம தஞ்சாவூர்க்காரத் தம்பி ஒருவர். அவர் அம்மா இங்கே மாட்டுங்காவில் மகள் வீட்டில். ஒரு நாள் வேலைப் பேச்சு முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்: "சார், அப்படியே லைன்ல எங்க அம்மாவுக்குப் போட்டு விடுங்களேன். உங்களுக்கு லோக்கல் கால்தானே?"

நியாயமான கேள்வி. அவர் குரல் தாதர் வரை வந்துவிட்டது. மாட்டுங்கா அடுத்த ஸ்டேஷன். ஆனால் பெட்டி விடாது. பராமரிப்புக்கு வரும் மராட்டிக்காரரிடம் ஏன் என்று கேட்டேன். "நஹி ஹோகா சாப், பீச் மே தீவார் ஹை" என்றார். நடுவில் சுவர் இருக்கிறதாம்! நிஜமாகவே அப்படி ஒன்று உண்டு. பேர் லாஜிக்கல் பார்ட்டிஷன். வாடகை லைனில் வந்த பேச்சு ஊர் போன் லைனில் கலக்கக் கூடாது, அது சட்டம். 2002 ஏப்ரலில் இன்டர்நெட் டெலிபோனுக்கு அனுமதி கொடுத்தபோதும் அதே கதைதான். கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம், இந்திய போனில் வந்து இறங்கக் கூடாது.

தம்பிக்குக் கோபம். "இது என்ன சார் பைத்தியக்காரத்தனம், பெத்த அம்மாகிட்ட பேசறதுக்கு!" என்றார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை, அதற்குக் காரணம் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் கிராமத்து வீடு. அப்பாவிடம் ஒரு பி.எஸ்.என்.எல். லைன் இருந்தது. அந்த மாத வாடகையில் அவ்வளவு தூரம் கம்பி இழுத்த செலவு எந்தக் காலத்திலும் தேறாது, கணக்கு படித்தவன் எவனும் சொல்வான். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 2003-லிருந்து 2008 வரை அக்சஸ் டெஃபிசிட் சார்ஜ் என்று ஒன்று வாங்கினார்கள். 2005-ல் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 3 ரூபாய் 25 பைசா. பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது பி.எஸ்.என்.எல்.லுக்கு. அதாவது தம்பி மாட்டுங்காவுக்குக் காசு கொடுத்துப் பேசினால், அதில் ஒரு துளி எங்கள் அப்பா வீட்டுக் கம்பிக்கு. சுவரில் ஓட்டை போட்டால் அந்தத் துளி நிற்கும்.

ஓட்டை போட்டவர்களும் இருந்தார்கள். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சில மலிவு கார்டுகளில் பேசினால் ஊரில் அம்மா போனில் ஏதோ உள்ளூர் நம்பர் விழும். "எந்த நம்பர்டா இது, ஊருக்கு வந்துட்டியா?" என்பார்கள் :-) அது எங்கள் ஆபீஸ் இணைப்பேதான், சுவர் மட்டும் கிடையாது. வெளிநாட்டுப் பேச்சு இன்டர்நெட்டில் வந்து, ஏதோ ஒரு அறையில் இருக்கும் பெட்டியில் இறங்கி, உள்ளூர் அழைப்பாக வெளியே போகும்.

நமக்கெல்லாம் இப்போது வாட்ஸப் வந்துவிட்டது, கார்டும் போயிற்று. ஆபீஸ் பக்கமும் 2020, 2021-ல் கால் சென்டர் விதிகளை நன்றாகவே தளர்த்தினார்கள். அந்தப் பெட்டி உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றாகிவிட்டது. ஆனால் திருட்டு எக்ஸ்சேஞ்ச் நடத்துவது இன்றைக்கும் குற்றம். அந்தக் காலத்தில் அதனால் போனது அரசாங்கத்துக் காசு. இன்று அதே தந்திரத்தில் போவது நம் அப்பா அம்மாவின் சேமிப்பு. எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, உள்ளூர் நம்பரில் "சி.பி.ஐ. பேசுகிறேன்" என்கிறான். வெளிநாட்டிலிருந்தே இந்திய எண்ணைப் போலியாகக் காட்டுகிற வித்தையும் உண்டு. 2024 அக்டோபரில் அதைத் தடுக்க அரசு ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் சிக்கியவை மட்டும் 1.35 கோடி அழைப்புகள்!

வங்கிக்காரனாக ஒன்று சொல்கிறேன். கணக்கு சம்பந்தமாக வங்கிகள் கூப்பிடுவதென்றால் 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் கூப்பிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. இந்த ஞாயிறு ஊருக்குப் பேசும்போது அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அந்த எண்ணாகவே இருந்தாலும் ஓ.டி.பி. கேட்டால் வைத்துவிடச் சொல்லுங்கள். மாட்டுங்கா நம்பரோ திருநெல்வேலி நம்பரோ திரையில் விழுந்தால், பேசுகிற ஆள் மாட்டுங்காவில்தான் இருக்கிறான் என்று அர்த்தமில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.