மரம் வெட்டிக் காக்கும் நிலம்

ஸ்காட்லாந்தின் வடகோடியை நோக்கி இன்வெர்னஸ் நகரில் புகைவண்டி ஏறினால், சில மணி நேரத்தில் ஃபோர்சினார்ட் என்னும் சிறிய நிலையம் வருகிறது. இறங்கிக் கற்பாதையில் சற்று நடந்தால், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பழுப்பும் பசுமையும் கலந்த ஈர நிலம். இடையிடையே வானத்தைக் காட்டும் கருநீர்க் குட்டைகள். 'இந்தப் பாழ்நிலத்தைக் காணவா இவ்வளவு தொலைவு வந்தோம்?' என்று எவருக்கும் தோன்றும்.

அன்பு வாசகரே, இது பாழ்நிலமன்று. ஃப்ளோ கண்ட்ரி எனப்படும் இச்சதுப்பு ஏறக்குறைய 4,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இதன் ஒரு பகுதியை 2024-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. இங்கே ஸ்பாக்னம் என்னும் பாசி, மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வளர்கிறது. வளரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொள்கிறது. மடிந்த பாசி நீரில் அமிழ்ந்து கிடப்பதால் முழுதும் மக்குவதில்லை, கரிமண்ணாகத் தங்கிவிடுகிறது. ஓராண்டில் அது உயர்வது ஒரு மில்லிமீட்டர் அளவே. ஆயினும் 9,000 ஆண்டுகளாகச் சேர்ந்து, சில இடங்களில் 10 மீட்டர் ஆழம் வரை படிந்துள்ளது. அதில் அடங்கிய கரி ஏறத்தாழ 40 கோடி டன்!

இதன் அருமை முன்பு பலருக்குத் தெரியவில்லை. மரம் நடுவோருக்கு அரசு அளித்த வரிச்சலுகையை நாடி, 1980-களில் செல்வர் பலர் இந்நிலத்தில் முதலிட்டனர். சதுப்பை உழுது, வடிகால் வெட்டி, ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டனர். நீர் வடிந்ததும் கரிமண்ணுக்குள் காற்றுப் புகுந்தது. அது மக்கத் தொடங்கியது. அடைபட்டிருந்த கரி வாயுவாக வெளியேறிற்று. 1988-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அச்சலுகை நீக்கப்பட்டது. இன்றோ அம்மரங்களை வெட்டிச் சாய்த்து, வடிகால்களை அடைத்து, சதுப்பை மீட்டு வருகிறார்கள். மரம் நடுவதே அறம் என்றெண்ணும் நமக்கு இது வியப்பாயிருக்கலாம். மரத்துக்கும் ஏற்ற இடம் வேண்டும்.

2050-க்குள், தான் வெளிவிடும் வாயுவும் திரும்ப ஈர்க்கப்படும் வாயுவும் சமமாக வேண்டுமென்று பிரிட்டன் 2019-இல் சட்டம் செய்தது. புகையில் ஒரு பங்கை நிலமும் மரமும் ஏற்றுக்கொள்ளும் என்பது கணக்கு. அக்கணக்கைச் சற்றே போட்டுப் பார்ப்போம். 40 கோடி டன் கரி முழுதும் வாயுவானால் ஏறத்தாழ 147 கோடி டன் கரியமில வாயு ஆகும். பிரிட்டன் இன்று வெளிவிடும் வெப்ப வாயுக்கள் நான்கே ஆண்டுகளில் அந்த அளவை எட்டிவிடும். ஒன்பதாயிரம் ஆண்டுச் சேமிப்பு, நான்காண்டுச் செலவு!

பாட்டனார் அரும்பாடுபட்டுத் தேடியதைப் பேரன் ஓரிரு நாளில் தீர்த்த கதை நம் ஊர்களிலும் உண்டு. சேமிப்பைக் காக்க வேண்டும். அதைவிட முதலாவதாகச் செலவைச் சுருக்க வேண்டும். ஃபோர்சினார்டின் பாசி தன் பங்கை ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டராக ஆரவாரமின்றிச் செய்து வருகிறது. புகையைக் குறைக்கும் பங்கு மனிதருடையது.