குடியிருக்கும் வீட்டில் ஒரு புதுக் குடித்தனம்

வானொலியில் வேலை செய்பவர்களிடம் எதற்குப் பயம் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வோம்: மௌனம். பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே ஐந்து விநாடி சத்தம் இல்லாமல் போனால் வயிற்றைக் கலக்கிவிடும். அதனால் புது அங்கம் ஒன்றைச் சேர்க்கும்போது, அது நன்றாக இருக்கிறதா என்பது எங்களுக்கு இரண்டாவது கேள்வி. ஏற்கெனவே ஓடுவது நிற்காமல் ஓடுமா என்பதுதான் முதல் கேள்வி. ஒரு பழைய சர்வரில் புதுச் செயலியை ஏற்றும் வேலையில் கூட இருந்து பார்த்தபோது, அங்கேயும் இதே கணக்குதான் என்று தெரிந்தது.

கிள்ளான் பக்கத்தில் ஒரு சிறிய சங்கம். சில ஆண்டுகளாக ஓய்வு நாள்களில் தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களைச் சந்தித்து அவர்கள் பேச்சைப் பதிவு செய்து வருகிறேன். பால்மரம் சீவியவர்கள், ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், தோட்டப் பள்ளியில் படித்தவர்கள் என்று 64 பேர். அவர்களில் சிலர் இப்போது இல்லை. பெயரைத் தட்டினால் குரல் கேட்கும்படி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர் ஜாவாவில் சின்ன இணையச் செயலி எழுதிக் கொடுத்தார்.

புது சர்வர் வாங்கச் சங்கத்திடம் பணம் இல்லை. ஆனால் பின்னறையில் ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது மரண சகாய நிதியின் உறுப்பினர் பதிவேடு. யாராவது இறந்துவிட்டால், நள்ளிரவானாலும் செயலாளர் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்துத்தான் ஈமச் செலவுக்குப் பணம் எடுத்துக் கொடுப்பார். அது ஒரு மணி நேரம் படுத்துவிட்டால், துக்க வீட்டில் ஒரு குடும்பம் காத்திருக்க வேண்டும்.

அந்த சர்வரில் ஓடுவது டாம்கேட் என்ற இலவச மென்பொருள். பெயருக்குக் கடுவன் பூனை என்று பொருள். சன் நிறுவனத்தில் பிறந்து, 1999இல் அப்பாச்சி அமைப்பிடம் கொடுக்கப்பட்டது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் விலங்கின் பெயராக இருக்கட்டும் என்றுதான் அதை உருவாக்கியவர் இந்தப் பெயரை வைத்தாராம். ஜாவாவில் எழுதிய இணையச் செயலிகளை இது ஓட்டும். ஒரே டாம்கேட்டில் பல செயலிகள் குடியிருக்கலாம். ஒவ்வொரு செயலியும் ‘வார்’ என்று முடியும் ஒற்றைக் கோப்பாகக் கட்டப்பட்டு வரும். அதை ‘வெப்ஆப்ஸ்’ என்ற கோப்புறையில் போட்டால் போதும்; டாம்கேட் தானே பிரித்து ஓட்டத் தொடங்கிவிடும்.

“அவ்வளவுதானே, இப்பவே போட்டுடலாம்” என்றார் தம்பி.

அந்த சர்வரைப் பார்த்துக்கொள்பவர் தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற அங்கிள். அவர் உடனே சம்மதிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். “இருப்பா. வீட்டுல ஏற்கெனவே ஆளு இருக்கு. புதுசா வர்றவங்கதான் வீட்டு வழக்கத்தக் கேட்டுக்கணும்” என்றார்.

நோட்டில் எல்லாம் இருந்தது. ஜாவா 8, டாம்கேட் 9, போர்ட் 8080, எவ்வளவு நினைவகம் ஒதுக்கியிருக்கிறது, எந்தத் தேதியில் எதை மாற்றினார் என்பதெல்லாம் நீல மையில். பதிவேட்டின் கோப்புக்கு ‘ரூட்’ என்று பெயர். டாம்கேட்டில் கோப்பின் பெயரே செயலியின் முகவரி ஆகும். ‘ரூட்’ என்ற பெயருக்கு மட்டும் வாசல் கதவு. அந்தக் கதவில் ஏற்கெனவே ஒருவர் இருப்பதால், புதியவர் வேறு பெயரோடுதான் வர வேண்டும்.

அடுத்த சிக்கலை விளக்கச் சின்ன வரலாறு தேவை. ஜாவா 1995இல் வெளிவந்தது. ஜாவா காப்பியின் நினைவாக வைத்த பெயர். அந்தத் தீவு நமக்கு அடுத்த வீடு. சன் நிறுவனத்தை 2010இல் வாங்கிய ஆரக்கிள், பெரிய சர்வர்களுக்கான ஜாவாப் பகுதியைப் பிறகு எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. பழைய பெயரைத் தொடர முடியாததால் 2018இல் அதற்கு ‘ஜகார்த்தா’ என்று பெயர் மாறியது. பின்னர் நிரல்களுக்குள் ‘ஜாவாஎக்ஸ்’ என்று எழுதியிருந்த இடங்களும் ‘ஜகார்த்தா’ என்று மாறின. டாம்கேட் 9 பழைய பெயரையே புரிந்துகொள்ளும். டாம்கேட் 10 புதிய பெயரை எதிர்பார்க்கும். தம்பி எழுதியது டாம்கேட் 10க்கு.

“சர்வரைப் புதுசாக்கிடலாமே அங்கிள்” என்றேன். “செய்யலாம்மா. ஆனா பதிவேட்ட எழுதுனவரு இப்ப ஆஸ்திரேலியாவுல. புதுசுல அது ஓடலன்னா யாரு சரி பண்ணுவா?” என்று கேட்டார். தம்பி புரிந்துகொண்டார். தன் நிரலில் பெயர்களைப் பழையபடி மாற்றி, ஜாவா 8இல் ஓடும்படி மறுபடியும் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு மாலை நேர வேலைதான். இளையவர் சுலபமாக வளைந்து கொடுக்க முடிகிற இடத்தில், பெரியவரை வளைக்க வேண்டியதில்லை.

நேரடியாகச் சர்வரில் கை வைக்காமல், எல்லாவற்றையும் ஒரு மடிக்கணினியில் நகல் எடுத்து முதலில் அதில் ஓட்டிப் பார்த்தோம். அங்கேதான் தமிழ் மாட்டிக்கொண்டது. படிவத்தில் தமிழில் பெயரைத் தட்டிச் சேமித்தால், தலையில் கீறல் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தன. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் தேவை. டாம்கேட் 9 படிவத்தில் வருவதை, வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற பழைய ஐரோப்பிய முறையில் படிக்கும். ஆகவே ஒரு குறி மூன்று துண்டாகிவிடும். பதிவேட்டுக்கு இந்தத் தொல்லை வந்ததே இல்லை. அடையாள அட்டையில் நம் பெயர்கள் ரோமன் எழுத்தில்தானே இருக்கின்றன! இத்தனை ஆண்டு தமிழ்ச் சங்கத்துக்கு உழைத்த சர்வர், அன்றுதான் முதன்முறையாகத் தமிழைப் பார்த்தது.

தீர்வு ஒரே வரி. யூடிஎஃப்-8 என்று அமைப்புக் கோப்பில் சொல்ல வேண்டும். எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான கோப்பிலும் எழுதலாம். புதுச் செயலியின் சொந்தக் கோப்பிலும் எழுதலாம். அங்கிள் இரண்டாவதையே எழுதச் சொன்னார். நம் அறைக்கு விளக்கு போட, அடுத்த அறையின் சுவிட்சைத் தொட வேண்டாமே.

ஒலிப்பதிவுகளை எங்கே வைப்பது என்பது கடைசிக் கேள்வி. செயலியின் கோப்புறைக்குள்ளேயே வைக்கத் தம்பி நினைத்திருந்தார். அங்கிள் தலையை ஆட்டி மறுத்தார். செயலியின் புதுப் பதிப்பைப் போட்டதும், டாம்கேட் பழைய கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகப் பிரிக்கும். உள்ளே இருக்கும் பதிவுகளும் சேர்ந்தே போய்விடும். அதைக் கேட்டதும் எனக்கு முதுகு சில்லிட்டது. இறந்துபோனவர்களிடம் மறுபடியும் பேட்டி எடுக்க முடியாது. 64 குரல்களையும் டாம்கேட்டுக்கு வெளியே தனி இடத்தில் வைத்து, வேறொரு வட்டிலும் நகல் எடுத்தோம்.

ஏற்றும் நாளாக ஒரு செவ்வாய் இரவைத் தேர்ந்தெடுத்தார்கள். புதுச் செயலிக்காக நினைவகத்தைக் கூட்ட வேண்டியிருந்ததால், சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கியாக வேண்டும். அதற்கு முன் அங்கிள் உறுப்பினர் பட்டியல் முழுவதையும் தாளில் அச்சிட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிட்டார். “மரணம் நம்ம நேரம் பாத்தா வருது?” என்றார். சர்வர் எழுந்ததும் பதிவுக் குறிப்புகளை வரி வரியாகப் படித்தார். முதலில் பழைய பதிவேட்டைத் திறந்து பார்த்தார். அது சரியாக இருந்த பிறகுதான் எங்கள் செயலியைத் தொடவிட்டார். நின்றது ஒரு நிமிடம்கூட இல்லை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எங்கள் வானொலியில் இதைத்தான் நல்ல நாள் என்போம்.

இப்போது அந்த நோட்டில் இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. புதிய பக்கத்தைத் தம்பியையே எழுதச் சொன்னார் அங்கிள்: என்ன ஏற்றினோம், ஏன் அப்படி ஏற்றினோம், குரல்கள் எங்கே இருக்கின்றன.

உங்கள் கோயிலிலோ சங்கத்திலோ பள்ளியிலோ இப்படி ஒரு பின்னறைக் கணினி இருக்கலாம். அதன் நடப்பு முழுவதும் ஒரே ஒருவரின் தலைக்குள் இருக்கலாம். கணினி படித்த பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய பேர் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை நேரம் ஒதுக்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.