கூடம்

வீட்டில் ஓவியம் மாட்டி விற்கிறவனை என்னவென்று அழைப்பது என்பது தமிழில் இன்னும் தீர்மானமாகவில்லை. வியாபாரி என்றால் ஓவியர்கள் சங்கடப்படுகிறார்கள். ரசிகர் என்றால் என் மனைவி சிரிக்கிறாள். 2001-ல், பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது, 22 வருஷத்து உத்தியோகத்தை விட்டுவிட்டு, கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை மந்தைவெளி வீட்டின் முன்கூடத்தில் போட்டேன். 16 அடிக்கு 12 அடி. சோபாவும் டி.வி.யும் உள்ளறைக்குப் போயின. பிறகு சுவர்களைக் காலி செய்ய வேண்டியிருந்தது. விவகாரம் அங்கேதான் ஆரம்பித்தது.

நம் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்க வேண்டுமானால் ஒன்று தெய்வமாக இருக்க வேண்டும், அல்லது செத்துப் போயிருக்க வேண்டும். இரண்டிலும் சேராத ஒன்று அங்கே மாட்டப்படும்போது, வருகிறவர்கள் 'இது யார்?' என்றுதான் கேட்கிறார்கள். 'இது என்ன?' என்ற கேள்விக்கு வந்து சேரவே சில வருஷங்கள் பிடிக்கின்றன. என் மாமனாரின் மாலை போட்ட படத்தைப் பூஜை அறைக்கு மாற்றியதை மாமியார் நெடுநாள் மறக்கவில்லை. கூடத்தில் இருந்த மனிதரை உள்ளே தள்ளிவிட்டதாகவே அவர் நினைத்தார்.

பொதுக் காட்சிச்சாலையில் ஓவியம் ஒரு வாரம் இருக்கும். பொறுப்பாளர் மாலையில் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். எனக்கு அந்த வசதி இல்லை. நான் தேர்ந்தெடுத்ததை மூன்று மாதம் நானே பார்த்தாக வேண்டும் — காப்பி குடிக்கும்போது, செருப்பு மாட்டும்போது, காய்ச்சலில் படுத்திருக்கும்போது. முதல் பார்வையில் சாமர்த்தியமாகத் தெரிந்த பல படங்கள் 10 நாளில் வெறும் சாமர்த்தியமாக மிஞ்சிவிடுகின்றன. சில படங்கள் ஒரு மாதம் வாயே திறப்பதில்லை. பிறகு ஒரு நாள் அவற்றைக் கழற்றிக் கொடுக்க மனம் வருவதில்லை. என்னுடைய விமர்சன அளவுகோல் என்று ஏதாவது இருந்தால் இந்தச் சகவாசம்தான். கோட்பாடு எதுவும் எனக்கு இவ்வளவு கறாராகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

2011-ல் மாமியார் காலமானார். கூடத்தில்தான் கிடத்த வேண்டும். வேறு இடம் இல்லை. சுவரில் அப்போது 9 படங்கள், எல்லாம் அரூப ஓவியங்கள். கழற்றிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "இருக்கட்டும். அவங்க பாத்துட்டிருந்த படங்கதானே" என்றாள். மகன் வரும் விமானம் தாமதமானதால் துக்கத்துக்கு வந்தவர்கள் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். அழுது ஓய்ந்த கண்கள் எங்கேயாவது நிலைக்க வேண்டுமே, சுவரில் நிலைத்தன. சாயங்காலம் மாமியாரின் தங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஆயுள் முழுவதும் கழித்தவர், என்னைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, அந்தச் செவப்பு காலையில வேற மாதிரி இருந்துச்சே?" என்றார்.

வடக்கு ஜன்னல் வெளிச்சம் போய் விளக்கு வெளிச்சம் வந்திருந்தது. அந்தச் சிவப்பு உண்மையிலேயே வேறாகத்தான் இருந்தது. அதைப் போட்ட ஓவியரிடம் பிறகு சொன்னபோது, தன் படத்தைப் பற்றி அதுவரை அச்சில் வந்த எதையும்விட இது பெரிது என்றார்.

இதை இந்தப் பத்திரிகையில் சொல்லக் காரணம் இருக்கிறது. என் கூடத்துக்கு வருகிறவர்களில் எழுத்தாளர்கள்தான் சீக்கிரம் கிளம்புகிறவர்கள். படத்துக்குத் தலைப்பு உண்டா என்று கேட்கிறார்கள்; உண்டென்றால் தலைப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். நமக்கு நவீன ஓவியம் அச்சின் வழியாக வந்து சேர்ந்தது. சிறுபத்திரிகைகளிலும் புத்தக அட்டைகளிலும் ஆதிமூலத்தின் கோடு நம் கண்ணுக்குப் பழகியது. 1969-ல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களைப் பற்றி யாரும் பேசுவார்கள். 2008-ல் அவர் மறைவதற்கு முன் பல வருஷங்கள் பெரிய கான்வாஸ்களில் வண்ணத்தை மட்டும் நம்பிச் செய்த வேலைகளின் முன்னால் நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்? அச்சு நமக்குக் கோட்டைத் தந்தது. அளவையும் பரப்பையும் நிறத்தின் கனத்தையும் எடுத்துக்கொண்டது. அந்தப் பாக்கியை வசூலிக்கவே இந்தக் கூடம் என்று சொல்லிக்கொள்கிறேன். வங்கிக்காரன் பாஷை போகவில்லை.

விலைக்கும் அந்தப் பாஷை உதவும் என்று நினைத்திருந்தேன். நகைக்கடனில் மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்து, எடை போட்டுச் சொல்வார். அதன் மேல் நான் கையெழுத்துப் போடுவேன். இங்கே உரைகல் இல்லை. அதனால் ஓவியச் சந்தை சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று, மனைக்குச் சொல்வது போல, ஒரு கணக்கு வைத்திருக்கிறது. டானியல்-ஹென்றி கான்வைலர் வங்கித் தொழிலுக்கென்று வளர்க்கப்பட்டவர்; அதை உதறி 1907-ல் பாரிஸில் ஒரு சின்ன அறையில் ஓவியக்கூடம் திறந்து பிக்காஸோவையும் பிராக்கையும் வாங்கினார். உலக யுத்தம் வந்தது. அவர் ஜெர்மானியர் என்பதால் பிரெஞ்சு அரசாங்கம் அவருடைய சரக்கைப் பறிமுதல் செய்து 1921-லிருந்து 1923 வரை ஏலம் போட்டது. கண்ணுக்கும் ஏலத்துக்கும் சம்பந்தம் அவ்வளவுதான். நம் ஊரிலேயே, 1966-ல் பணிக்கரோடு சோழமண்டலத்தை உருவாக்கிய ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் விற்றுத்தான் ஓவியத்தைக் காப்பாற்றினார்கள். என் கூடத்தை என் ஓய்வூதியம் காப்பாற்றுகிறது. விற்ற படத்துக்கு நூற்றுக்கு 20 எடுத்துக்கொள்கிறேன். அது சட்டத்துக்கும் விளக்குக்கும் சரியாகப் போகிறது. மழைக்காலத்தில் காகிதத்தில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும், மிளகாய் வறுக்கும் நாளில் சமையலறைக் கதவைச் சாத்துவதும் மனைவியின் இலாகா. அதற்கு அவள் கமிஷன் கேட்டதில்லை.

வீடு எனக்கு மட்டும் சொந்தமில்லை. தம்பிக்கும் தங்கைக்கும் பங்கு உண்டு. அவர்கள் கேட்பது நியாயம். இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். கட்டுமானக்காரர் தந்த வரைபடத்தில் எங்கள் பங்குக்கு வரும் முன்னறையில் மூன்று பக்கம் கதவு, ஜன்னல், பால்கனி. நான்காவது சுவரில் டி.வி.க்கான மின்இணைப்புகள் புள்ளியிட்டுக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சுவரை வெறுமனே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். மறு விற்பனையில் விலை குறையும் என்று எச்சரித்தார். 11 அடி சுவர். மூன்று படம் மாட்டலாம்; எதிரே நாலு பேர் உட்காரலாம். இப்போதுள்ள கூடம் இன்னும் சில மாதங்கள் இருக்கும். நண்பர்கள் வரலாம். காலையில் வந்தால் சாயங்காலம் வரை இருப்பதாக வரவேண்டும்.